புதிய கலையரங்கம் எந்தப் பாணியில்? பல்கலைக்கழகத்தில் இந்த விவாதத்தை உருப்படியாக நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பல்கலைக்கழகம் இசைக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் புதுக் கட்டடம் கட்டப்போவதாக அறிவித்தால், முதலில் வெளியே வருவது ஒரு படம். அந்தி நேரம், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், முன்னால் தோளில் பையோடு நடக்கும் மாணவர்கள். அன்று ராத்திரிக்குள் வளாகம் இரண்டு கட்சியாகிவிடும். "சரக்குப் பெட்டகத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது" என்பார்கள் சிலர். "நூறு வருடப் பழைய வளைவையே இன்னும் எத்தனை தடவை நகலெடுப்பது?" என்பார்கள் மற்றவர்கள். ஆறு மாதம் கழித்தும் இரண்டு தரப்பும் அதே வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவெடுத்து, அஸ்திவாரக் குழியும் தோண்டியாகியிருக்கும்.

பாணி என்பது ஆளுக்கு ஆள் மாறும் ரசனை, பேசிப் பயனில்லை என்று ஒதுங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐம்பது அறுபது வருடம் எல்லோர் கண்முன்னாலும் நிற்கப்போகிற ஒன்றைப் பற்றி எல்லோரும் பேசத்தான் வேண்டும். கோளாறு, பேச்சைத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. முகப்பிலிருந்து தொடங்கினால் விவாதம் முகப்பைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. கட்டடக் குழுவில் நீங்கள் பேராசிரியராக இருந்தாலும் மாணவர் பிரதிநிதியாக இருந்தாலும், கீழே உள்ள வரிசையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முதல் படி: மேடையிலிருந்து வெளியே வாருங்கள்

சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் மேடையை இளங்கோ எப்படி விவரிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் அளவுகோல்: இருபத்துநான்கு விரல் நீளம். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே நான்கு கோல் இடைவெளி. வாயில்கள் இரண்டு. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு. மூன்று வகைத் திரை. இவ்வளவும் சொன்ன பிறகே ஓவியம் தீட்டிய விதானமும் முத்துமாலைகளும் வருகின்றன. அலங்காரத்துக்கு அந்த வரிசையில் கடைசி இடம். நம் குழுக்கள் பெரும்பாலும் முத்துமாலையிலிருந்து தொடங்குகின்றன.

ஆகவே முதல் கூட்டத்தில் எந்தப் படத்தையும் திரையில் போடாதீர்கள். அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். இசைக்கு முதலிடமா, நாடகத்துக்கா? ஒரே அரங்கமா, இரண்டா? எத்தனை இருக்கை? இந்தக் கேள்விகள் பாணிக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் கட்டடத்தின் உடம்பு இங்கேதான் உருவாகிறது.

உதாரணத்துக்கு ஒலி. கைதட்டிய பிறகு அந்த ஓசை அரங்கில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை எதிர்முழக்க நேரம் என்பார்கள். பேச்சு புரிய வேண்டிய நாடகத்துக்கு அது சுமார் 1 விநாடி இருந்தால் போதும். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு 2 விநாடிக்குப் பக்கத்தில் வேண்டும். அந்த நீண்ட முழக்கத்துக்குக் காற்றின் கன அளவு தேவை. இசையரங்கில் ஓர் இருக்கைக்கு 8 முதல் 10 கன மீட்டர் வரை கணக்கிடுவார்கள். பேச்சு நாடகத்துக்கு அதில் பாதி சொச்சம் போதும். அதாவது 800 பேருக்கான இசையரங்கின் கூரை, அதே 800 பேருக்கான நாடக அரங்கின் கூரையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்குப் போய்விடலாம். "பக்கத்துக் கட்டடங்களைவிட உயரமாக இருக்கக் கூடாது" என்று மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் மேசையைத் தட்டும்போது, அந்த உயரம் முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்வைக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. நடிகரின் முகபாவம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் கடைசி வரிசை மேடையிலிருந்து 20 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 'எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய அரங்கம்' என்ற ஆசை பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. உண்மையாகவே எல்லாவற்றுக்கும் ஒரே அரங்கம் வேண்டுமென்றால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறந்த லிண்டமன் நிகழ்த்துகலை மையத்தின் பிரதான அரங்கம் ஐந்து வெவ்வேறு அமைப்புகளுக்கு மாறுகிறது. சுவர், தளம், கூரைப் பகுதி, இருக்கை எல்லாம் இயந்திரங்களால் நகர்கின்றன. வெளியே அது மடிப்பு மடிப்பான அலுமினியப் போர்வை போர்த்திய ஒரு பெட்டி. உள்ளே இவ்வளவும் நகர வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு பெட்டி வடிவத்தைக் குறை சொல்வது கடினம்.

இரண்டாவது படி: மறைக்க முடியாதவற்றைப் பட்டியல் போடுங்கள்

நிகழ்த்துகலைக் கட்டடத்துக்கு என்றே சில பிடிவாதமான உறுப்புகள் உண்டு. எந்தப் பாணியாக இருந்தாலும் அவை வந்தே தீரும்.

பெரியது, மேடைக்கு மேலே எழும்பும் கோபுரம். திரைகளையும் காட்சிப் பலகைகளையும் விளக்குகளையும் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் மேலே தூக்கி வைக்க இது வேண்டும். நாடகக்காரர்கள் 'ஃபிளை டவர்' என்பார்கள். மேடைத் திறப்பின் உயரத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. திறப்பு 8 மீட்டர் என்றால் கோபுரம் 20 முதல் 24 மீட்டர். ஏழெட்டு மாடி உயரத்தில், ஜன்னலே இல்லாத ஒரு செவ்வகம்! இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் கூர்வளைவுப் பாணியான கோத்திக்கில் இதை மணிக்கூண்டு போல உடுத்திவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அகலத்தைச் சொல்லுங்கள், அமைதியாகிவிடுவார்கள்.

கோபுரத்தோடு கூடவே ஒலிக்காக மூடப்பட்ட நீண்ட வெற்றுச் சுவர்களும், காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த லாரி பின்னோக்கி வந்து நிற்கும் பின்வாசலும் வருகின்றன. கூரையில் வைக்க முடியாத குளிரூட்டும் இயந்திரங்களும் உண்டு. அவற்றின் அதிர்வு அரங்குக்குள் வரக் கூடாது என்பதால் தனி அறை, தனி அஸ்திவாரம். ஒத்திகை அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிக்குள் பெட்டி வைத்தது போலக் கட்டப்படும். இல்லாவிட்டால் பக்கத்து அறை டிரம்ஸ் இங்கே வயலினோடு சேர்ந்து கேட்கும்.

இவற்றை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் பாணியின் முதல் உண்மையான கேள்வி இருக்கிறது: மறைக்கப் போகிறோமா, காட்டப் போகிறோமா? அமெரிக்காவின் பார்ட் கல்லூரியில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2003இல் திறந்த ஃபிஷர் மையத்தைப் பாருங்கள். முன்பக்கம் துருப்பிடிக்காத எஃகு அலைகளாகப் புரள்கிறது. பின்பக்கம் போனால் மேடைப் பகுதி எளிமையான பெட்டியாக நிற்கிறது. படங்களில் முன்பக்கம் மட்டுமே வரும். பின்பக்கத்தைப் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பின்பக்கம் பிடிக்கும், ஏனென்றால் அங்கே கட்டடம் பொய் சொல்லவில்லை. இது என் அபிப்பிராயம், உங்கள் குழு வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது படி: பாணியின் தலையில் எதைச் சுமத்தக் கூடாது என்று தெளிந்துகொள்ளுங்கள்

"பழைய பாணி அரங்குகளில்தான் சத்தம் நன்றாகக் கேட்கும்" என்ற வாதம் கட்டாயம் வரும். அதற்கான பதில் ஒரு பல்கலைக்கழகத்திலேயே பிறந்தது. 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடம் திறந்தபோது அதன் விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன் அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்டார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து, ஆர்கன் குழாயும் நிறுத்துக்கடிகாரமும் வைத்து அளந்தார். அறையின் கன அளவும், ஒலியை உறிஞ்சும் பரப்பும்தான் எதிர்முழக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தார். அந்தச் சூத்திரத்தில் வளைவுக்கோ தூணுக்கோ நூற்றாண்டுக்கோ இடமில்லை.

சபைனின் ஆலோசனையோடு 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் உட்புறம் தீப்பெட்டி போல நீளமானது, உடை செவ்வியல். 1963இல் திறந்த பெர்லின் பில்ஹார்மோனி கூடாரம் போன்றது, உள்ளே இருக்கைகள் மேடையைச் சுற்றித் திராட்சைத் தோட்டப் படிகளாக ஏறுகின்றன. பாணியில் இரண்டும் எதிரெதிர்த் துருவம். ஒலிக்காக இரண்டையும் உலகம் கொண்டாடுகிறது.

அதேபோல வடிவம் ஒலியைத் தொல்லைப்படுத்துவதும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் கட்டடக்கலைஞர் ஈரோ சாரினென் 1955இல் கட்டிய கிரெஸ்கி அரங்கின் கூரை, ஒரு கோளத்தின் எட்டில் ஒரு பங்கு. மூன்றே முனைகளில் தரையைத் தொடுகிறது. குழிந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவிக்கும் என்பதால் உள்ளே பலகைகளை மேகங்கள் போலத் தொங்கவிட்டார்கள். ஆகவே ஒலியியல் நிபுணரை கட்டடக்கலைஞரோடு சேர்த்தே நியமியுங்கள். படம் பிடித்துப்போன பிறகு அவரைக் கூப்பிட்டால், செலவுக் கணக்கோடுதான் வருவார்.

நான்காவது படி: வளாகத்தை நடந்து அளவெடுங்கள்

"நம் வளாகத்தின் தன்மைக்குப் பொருந்த வேண்டும்" என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாக்கியம். அதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருப்பதால்தான் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒருநாள் காலை எல்லோரும் சேர்ந்து நடங்கள். கையில் நோட்டு. சுவர் என்ன பொருள்? கூரை விளிம்பு எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது? சுவரில் ஜன்னலின் பங்கு எவ்வளவு? கட்டடங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? வாசல் பாதையைப் பார்க்கிறதா, முற்றத்தைப் பார்க்கிறதா?

இப்படி நடந்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். தொன்மையானது என்று நாம் நினைப்பதில் பாதி, தன் காலத்திலேயே நகல். யேல் பல்கலைக்கழகத்தின் ஹார்க்னஸ் கோபுரம் இடைக்காலத்தது போல நிற்கிறது, கட்டி முடித்தது 1921இல். அங்கே 1931இல் திறந்த ஸ்டெர்லிங் நூலகம் எஃகுச் சட்டத்தின் மேல் கோத்திக் உடுத்தியது. இதைச் சொல்லி பாரம்பரியக் கட்சியை மட்டம் தட்ட வேண்டாம். நகலாக இருந்தும் அவை நன்றாகவே முதிர்ந்திருக்கின்றன, மாணவர்கள் அவற்றை நேசிக்கிறார்கள். ஆக 'போலி' என்ற ஒரு சொல்லை வைத்து அந்தத் தரப்பை முடக்கிவிட முடியாது.

இன்னொன்றும் தெரியவரும்: வளாகங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. பிரின்ஸ்டனில் 2007இல் கோத்திக் பாணியில் விட்மன் கல்லூரி திறந்தது. அடுத்த வருடமே கெரியின் கோணல்மாணலான லூயிஸ் நூலகம். 2017இல் கட்டடக்கலைஞர் ஸ்டீவன் ஹோலின் நவீன லூயிஸ் கலை வளாகம். அதே 2017இல் யேல் இரண்டு புதிய உறைவிடக் கல்லூரிகளை முழுக் கோத்திக்கில் திறந்தது. ஒரே காலம், ஒரே வகைப் பணம், இரண்டு விடை.

கட்டப்போகும் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் இந்த நடையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பாணி பிடிக்கவில்லை என்று வரும் எதிர்ப்பில் ஒரு பகுதி, உண்மையில் இடத்தின் மேல் உள்ள எதிர்ப்பு. லிண்டமன் மையத்துக்கே முதல் திட்டத்தில் சில பழைய வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, பல்கலைக்கழகம் இடத்தை மாற்றியது. வெட்டப்போகும் மரத்துக்காகக் கோபப்படுகிறவரிடம் முகப்பின் நிறத்தை மாற்றித் தருகிறோம் என்றால் எடுபடுமா?

ஐந்தாவது படி: பெயரடைகளுக்குத் தடை

காலமற்றது, துணிச்சலானது, அசிங்கமானது, கம்பீரமானது. இந்தச் சொற்களுக்கு ஒரு கூட்டம் மட்டும் தடை போட்டுப் பாருங்கள். 'அசிங்கமாக இருக்கிறது' என்பவரிடம், எங்கே நின்று பார்க்கும்போது, எந்தப் பகுதி என்று கேளுங்கள். "முற்றத்திலிருந்து பார்த்தால் நாற்பது மீட்டருக்கு ஒரு வாசலோ ஜன்னலோ இல்லை, இரவில் அந்த வழியாக நடக்கப் பயமாக இருக்கும்" என்று அவர் சொன்னால் கட்டடக்கலைஞர் வேலை செய்ய ஏதோ கிடைத்துவிட்டது. 'துணிச்சலாக இருக்கிறது' என்பவரிடமும் அதே கேள்விதான். அவரை மட்டும் சும்மா விட்டுவிடுகிறார்கள், அது அநியாயம்.

ஆறாவது படி: எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு சொல்லுங்கள்

எனக்குத் தெரிந்து விவாதத்தை மாற்றுவது இதுதான். ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத பாணிக்காக ஐந்து நிமிடம் வாதாட வேண்டும்.

பாரம்பரியத் தரப்பின் நல்ல வாதம் ஏக்கம் சார்ந்தது கிடையாது. கல்லும் செங்கலும் எப்படி முதிரும் என்று தெரியும். உடைந்தால் சரிசெய்ய ஆள் கிடைக்கும். சின்னச் சின்ன அலகுகளாகப் பிரிந்த சுவர், பக்கத்தில் நடப்பவரின் அளவுக்கு இறங்கிவருகிறது. புதியவர் யாருக்கும் வாசல் எங்கே என்று குழப்பம் வராது.

நவீனத் தரப்பின் நல்ல வாதமும் புதுமை மோகத்தைப் பற்றியது கிடையாது. பெரிய ஜன்னலற்ற கன அளவுகளைப் பழைய பாணிகள் அதிகம் கையாண்டதில்லை. அவற்றைத் திணித்தால் பொய் ஜன்னல்களும் வெறும் அட்டைத் தூண்களும் வரும். ஒத்திகை அறையைக் கண்ணாடி வழியாகப் பாதையில் போகிறவருக்குக் காட்டுவது, நடனத்தைப் பற்றி எதுவும் தெரியாத இயந்திரவியல் மாணவனை நின்று பார்க்க வைக்கும். அப்புறம், அந்தப் பழைய முகப்புகள் எல்லோருக்கும் ஒரே நினைவைத் தருவதில்லை. தூண்களும் அகன்ற படிகளும் சிலருக்கு 'உள்ளே வா' என்றும் சிலருக்கு 'நீ யார்?' என்றும் கேட்கின்றன.

நடுவே ஒரு மூன்றாவது வழியும் உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1989இல் திறந்த வெக்ஸ்னர் மையத்தில், 1950களில் இடிக்கப்பட்ட பழைய ஆயுதசாலையின் கோபுரங்களைக் கட்டடக்கலைஞர் பீட்டர் ஐசன்மன் துண்டு துண்டாகச் செங்கல்லில் மீண்டும் எழுப்பினார். பழையதைப் போலச் செய்யவும் இல்லை, மறக்கவும் இல்லை. ஆனால் நடுவழி என்பதாலேயே அது நல்ல வழி ஆகிவிடாது. குழுக்களின் சமரசத்தில் பிறப்பது பெரும்பாலும் செங்கல் ஒட்டிய கண்ணாடிப் பெட்டிதான். இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் ஏமாற்றும் திறமை அதற்கு உண்டு.

ஏழாவது படி: படங்களைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

வடிவமைப்பாளர்கள் கணினியில் உருவாக்கித் தரும் ரெண்டர் படங்கள் விளம்பரங்கள். பொய் என்று சொல்லவில்லை, ஆனால் மணப்பெண் புகைப்படம் மாதிரி. எல்லாப் போட்டியாளர்களிடமும் ஒரே இடத்திலிருந்து, கண்மட்டத்தில், நண்பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளைக் கேளுங்கள். மேகமூட்டமான நாள் ஒன்று. லாரி நிற்கும் பின்பக்கம் ஒன்று. நிகழ்ச்சி இல்லாத செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்வாசல் எப்படி இருக்கும் என்று ஒன்று. அந்தி வெளிச்சத்தில் எந்தக் கண்ணாடிக் கட்டடமும் அழகுதான். பகலில் அதே கண்ணாடி இருண்ட கண்ணாடியாகத் தெரியும்.

அட்டையில் செய்த மாதிரியும் ஒன்று வேண்டும், சுற்றியுள்ள கட்டடங்களோடு. மாணவர்கள் நடமாடும் இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். முடிந்தால் முகப்புப் பொருளில் ஆளுயரத் துண்டு ஒன்றை வெளியே நட்டு, வெயில் மழையில் நிற்கவிடுங்கள். நிறத்தைப் பற்றிய பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எட்டாவது படி: இருபதாம் வருடத்துச் செலவு

எம்.ஐ.டி.யின் ஸ்டேட்டா மையம் 2004இல் திறந்தது. நீர்க்கசிவும் விரிசலும் என்று சொல்லி 2007இல் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது, 2010இல் சமரசமாக முடிந்தது. வெக்ஸ்னர் மையமும் திறந்து பதின்மூன்று வருடத்தில், 2002இல், பெரிய சீரமைப்புக்குப் போய் மூன்று வருடம் கழித்தே முழுதாக மீண்டது. சிட்னி ஓப்பரா அரங்கின் கதை தெரிந்ததே: 1957இல் 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு, 1973இல் திறந்தபோது 102 மில்லியன். நடுவில் பெரிய அரங்கத்தை இசைக்கு மட்டும் என்று மாற்றினார்கள். ஓப்பராவுக்காக அதற்குள் பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எடுத்தார்கள். ஓப்பரா சின்ன அரங்குக்குப் போனது. இன்று அந்தக் கூரைக்காக யாரும் வருத்தப்படுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஓர் அரசாங்கம் தாங்கிய அடியை ஒரு நாடகத் துறை தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போதும். தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? உயரத்தில் உள்ள கண்ணாடியை யார், எதில் ஏறித் துடைப்பார்? ஒரு பலகை உடைந்தால் அதே போல இன்னொன்று எங்கே கிடைக்கும்? பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவர் ஒருவர் குழுவில் இருந்தால் இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே கேட்பார். அவரை யாரும் அழைப்பதில்லை.

ஒன்பதாவது படி: விவாத நாள்

பேச வேண்டிய நேரத்தை முன்பே பங்கிட்டுவிடுங்கள். முதலில் கட்டடத்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள்: மேடை மேலாளர், இசை மாணவர், உடை தைப்பவர், சக்கர நாற்காலியில் மேடை ஏற வேண்டியவர். அப்புறம் பக்கத்துக் கட்டடக்காரர்கள். நன்கொடையாளர் வந்திருந்தால் அவருக்கும் எல்லோரையும் போல ஐந்து நிமிடம்தான். பெயர் பொறிக்கும் கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. துணைவேந்தர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

பிடித்தது எது என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். முதல் நான்கு படிகளில் எழுதிய தேவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் எந்தத் திட்டம் நிறைவேற்றுகிறது என்று பாருங்கள். இரண்டு திட்டங்கள் சமமாக வந்தால், அப்போது ரசனைக்கு வாக்கெடுப்பு நடத்தலாம்.

பத்தாவது படி: காரணத்தை எழுதி வையுங்கள்

முடிவோடு காரணத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பொருள் ஏன், எந்தச் சுவரில் ஜன்னல் ஏன், கோபுரத்தை ஏன் மறைக்கவில்லை. தோற்ற தரப்பின் முக்கிய ஆட்சேபத்தையும் அவர்கள் சொற்களிலேயே சேருங்கள். இந்தத் தாளின் வேலை இப்போது தெரியாது. டெண்டர் தொகை மதிப்பீட்டைத் தாண்டி வரும் நாளில் தெரியும். அன்று ஒருவர் சிக்கனப் பட்டியலோடு வருவார். கல்லுக்குப் பதில் பூச்சு, பாதையோரக் கண்ணாடிக்குப் பதில் சுவர், இரட்டைச் சுவருக்குப் பதில் ஒற்றைச் சுவர். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். அந்த இரண்டு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்து, எந்த வரியை அடிக்கிறீர்கள் என்று அவரிடமே பேனாவைக் கொடுங்கள்.